இழுப்பறையில் இருந்த பேக்கப்

“இந்த ஹார்டு டிஸ்க்கை தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா, சார்?”

“வேண்டாம்மா. கம்பெனிக் கணக்கு வெளியே போகக் கூடாது. இழுப்பறையிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.”

கணக்கின் பேக்கப், அதாவது நகல், இருந்த டிஸ்க்கைப் பற்றி 2015 செப்டம்பரில், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தொழிற்கூடத்தில் கணக்கு பார்க்கும் பெண்ணுக்கும், கணினி சர்வீஸ் செய்யும் எனக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று கிண்டியில் இன்னொரு சர்வீஸ் அழைப்பு இருந்ததால் பையை மாட்டிக்கொண்டே பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு இழுப்பறையைப் பூட்டினார்.

டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள் புகுந்தது. தரைத்தளத்து அலுவலகம் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

5ஆம் தேதி உள்ளே போனோம். தண்ணீரில் ஊறிய பிளைவுட் உப்பியிருந்ததால் இழுப்பறை அசையவில்லை. முதலாளி ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த டிஸ்க்கைச் சாய்த்தபோது காப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. உறையின் மேல் ஒட்டிய சீட்டில் கணக்கு பார்க்கும் பெண்ணின் கையெழுத்து: ‘30.11 திங்கள்’. பால்பாயிண்ட் மை என்பதால் ஓர் எழுத்தும் கலையவில்லை. நாள் தவறாமல் பேக்கப் எடுத்திருக்கிறார். மறுநாள் மழையில் யாரும் வேலைக்கு வரவில்லை.

காற்றழுத்தம் சமன்படுவதற்காக ஹார்டு டிஸ்க்கில் ஒரு சிறு துளை இருக்கும். நீரில் மூழ்கினால் அதன் வழியாகச் சேறு உள்ளே போய்விடும். வெயிலில் காயவைத்தால் சேறு, தரவு பதிந்திருக்கும் தட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். மின்சாரம் கொடுத்துச் சுழலவிட்டால் தட்டையே கீறிவிடும். அதனால் இரண்டையும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, அந்த டிஸ்க்கையும் கணினிக்குள் இருந்ததையும் ஈரத்தோடு சுற்றி டேட்டா மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். வரைபடங்களில் பாதி கிடைத்தது. டேலி என்ற கணக்கு மென்பொருளின் கோப்புகள் திறக்கவில்லை.

ஆனால் என்னைத் துரத்துவது டிஸ்க் அல்ல. சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி பொதுவாகக் கேட்டார்: “வெளியே எங்கேயாவது ஒரு நகல் வைத்திருக்கலாமே. நம்மில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?”

துடைப்பத்தோடு நின்றிருந்த அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “தோன்றவில்லை, சார்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பரில் நான் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு வாடிக்கையாளரிடமிருந்து விலகிய ஊழியர், பார்ட்டிகளின், அதாவது கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களின், பட்டியலையும் விலை விவரத்தையும் நகலெடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சூடு எனக்கு ஆறவில்லை. கணக்கு வெளியே போகக் கூடாது என்பது நியாயமான எச்சரிக்கை. இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற விதியும் எனக்கு அன்றே தெரியும். கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் செவன்-ஜிப் மென்பொருளில் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தால் டிஸ்க் யார் வீட்டில் இருந்தாலும் பயமில்லை என்பதும் தெரியும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததற்கு அவசரம் மட்டும்தான் காரணமா? முதலாளியின் மகன் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் “தாராளமாக” என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். வெளியாளான என் மடிக்கணினியிலேயே அப்போது பல கம்பெனிகளின் கணக்கு கிடந்தது. என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து கணக்கெழுதும் பெண்ணை நான் சந்தேகித்தேன். பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 31 வரையிலான கணக்கு ஆடிட்டரிடம் இருந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, அப்போதைய விற்பனை வரியான வாட்டின் மாதாந்திரப் படிவத்தோடு தாக்கல் செய்த கொள்முதல், விற்பனைப் பட்டியல்களிலிருந்து பில்களைத் திரும்ப ஏற்ற முடிந்தது. நவம்பர் கணக்குக்கு டிசம்பர் 20 வரை கெடு இருந்ததால் அது இன்னும் போயிருக்கவில்லை. வங்கி அறிக்கையையும் பார்ட்டிகள் அனுப்பிய லெட்ஜரையும் வைத்து அந்தப் பெண் வரிவரியாகப் பிடித்தார். ரொக்கச் செலவுகள் போனது போனதுதான். இரண்டு மாதம், பல நாள் இரவு ஒன்பது மணி வரை அவர்தான் உட்கார்ந்தார். புதுக் கணினியை அமைத்துக் கொடுத்ததற்கு நான் பணம் வாங்கவில்லை. அந்தக் கணக்கு நேராகிவிட்டது என்று சில நாள் நம்பவும் செய்தேன்.

‘தோன்றவில்லை’ என்று ஏன் சொன்னார்? என்னைக் காப்பாற்றவா? சொன்னால் முதலாளி நம்ப மாட்டார் என்றா? அல்லது அந்த அரை நிமிடப் பேச்சு அவருக்கு நினைவிலேயே இல்லையா? அந்தப் பார்வையை நினைத்தால் கடைசிக் காரணத்தை நம்ப முடிவதில்லை.

அதற்குப் பிறகு எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரு நகல் வெளியே போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறொரு கணினியில் திரும்ப ஏற்றி, கடைசி பில் எண்ணும் கையிருப்பும் பொருந்துகிறதா என்று பார்க்க வைத்தேன். 2018இல் ஒரு கடையில், நான் பயந்தது அப்படியே நடந்தது. நகலை வீட்டுக்கு எடுத்துப்போன ஊழியர், எதிர்த் தெருவில் போட்டிக்குக் கடை வைத்தார். கடவுச்சொல் அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அந்தக் கடைக்காரர் என்னைத் திட்டினார். அன்று இரவு, செப்டம்பரில் நான் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மிக்ஜாம் புயலுக்கு முந்தைய சனிக்கிழமை, 2023 டிசம்பர் 2 மாலை, ஈக்காட்டுத்தாங்கலில் கணக்கு பார்க்கும் அந்தப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. இப்போதும் அதே இடத்தில்தான் வேலை.

“டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், சார்.”

அவர் அனுமதி கேட்கவில்லை. “சரிம்மா” என்றேன். இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருப்பவர்போலச் சற்று நேரம் இணைப்பிலேயே இருந்தார். பிறகு, “வைத்துவிடுகிறேன், சார்” என்றார்.