தம்பி மாத்திரையை நிறுத்தியபோது

ஜூன் 3, 2025, அல்சூர், பெங்களூரு

முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் எழுதிக் கொடுத்த டிரமடால், பழக்கமாகிவிடக்கூடிய அபின் வகை வலி மாத்திரை. வலி போய் எத்தனையோ மாதமாகியும் தம்பி அதை விடவில்லை. நேற்று ராத்திரி போட்டதுதான் கடைசி என்கிறான். இன்று மத்தியானத்திலிருந்து ஓயாமல் கொட்டாவி, மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் தண்ணீர். சளி என்று நினைத்து எதிர்வீட்டு அம்மா கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜூன் 4

ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. எலும்புக்குள் யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது அக்கா என்று காலை உதைத்துக்கொண்டே கிடந்தான். வியர்வை, உடனே குளிர், கையெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு வேறு. பெரியப்பா போனில், "ரெண்டு நாள் ரூம்ல போட்டுப் பூட்டு, திமிரெல்லாம் அடங்கிடும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பேதி எப்படித் திமிராகும்?

ஜூன் 5

காலையிலேயே ஆட்டோ பிடித்து நிம்ஹான்ஸ், இங்கே இருக்கிற பெரிய மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி. போதைப் பழக்கத்துக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. நாடித்துடிப்பு, கண்மணி, வியர்வை, கை நடுக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது: இந்த மாத்திரை குடலை மந்தமாக்கும், கண்மணியைச் சுருக்கும், நரம்புகளை அடக்கி வைக்கும், பழகிய உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் எல்லாமே தலைகீழாகும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சமாம். குடி உண்டா, தூக்க மாத்திரை உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார், ஏனென்றால் அந்த இரண்டையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். டிரமடாலிலும் வலிப்பு அபாயம் உண்டு. ரூமில் போட்டுப் பூட்டச் சொல்பவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

நாக்குக்கடியில் வைக்கிற புப்ரெனார்ஃபின் கொடுத்தார்கள், இந்தப் பழக்கத்தை விட உதவுகிற மாத்திரை. பழைய மருந்தின் வேகம் இறங்கி அவஸ்தை தொடங்கிய பிறகுதான் இதைக் கொடுக்க வேண்டுமாம், முந்திக் கொடுத்தால் அவஸ்தை ஒரேயடியாக ஏறிவிடும். சாயங்காலம் கால் உதைப்பது நின்றது.

ஜூன் 8

ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டான். தூக்கம் இன்னும் சரியில்லை, எரிந்து விழுகிறான். அம்மாவுக்கு ஒரே சந்தேகம், ஒரு மாத்திரையை விட இன்னொரு மாத்திரையா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் பயமே இனிமேல்தான். சில நாள் விட்டாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், ஆசைப்பட்டுப் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகலாம். புப்ரெனார்ஃபின் அந்த ஆசையைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் மிச்சமிருந்த டிரமடால் அட்டைகளை எல்லாம் தேடி எடுத்துவிட்டேன். 2018-லேயே டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தாயிற்று, அப்படியும் சீட்டு இல்லாமல் இவனுக்குக் கொடுத்த கடை ஒன்று இருக்கிறது. நாளைக்கு நேரில் போய்க் கேட்கப்போகிறேன்.

14446, கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண், பிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மருந்து எவ்வளவு நாளைக்கு என்று டாக்டரிடமே கேட்க அம்மாவும் வருகிறாள். பெரியப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன்.