பெடோக் படகுத்துறையில் ஒரு பிற்பகல்

சிங்கப்பூர்க்காரர்கள் தாமாக வந்து பேச்சுக் கொடுப்பது குறைவு. ஆனால் ஒரு கேள்வியை எடுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் விடமாட்டார்கள். ஊருக்குப் புதியவர்கள் பேசிப் பழக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் பெடோக் படகுத்துறையைத்தான் சொல்வேன். கடலுக்குள் 250 மீட்டர் நீளும் பாலம், இரு பக்கமும் தூண்டில்காரர்கள். மீன் கடிக்கும்வரை அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

மதியம் ஒரு மணிக்குப் போகாதீர்கள், சிமென்ட் தரை கொதிக்கும். நாலு மணிக்கு மேல் சரி. ஏழு மணி வாக்கில்தான் இருட்டும். 2024 ஜூனில் திறந்த பேஷோர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடக்கலாம். நம்மூர் விசா, மாஸ்டர் கார்டு தட்டினாலே கதவு திறக்கும்.

முதலில் வாளியை எட்டிப் பாருங்கள். பிறகு "கிடைச்சுதா அங்கிள்?" சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் அங்கிள்தான். மலாய்க்காரரிடம் "அடா இகான்?" என்றால், அதாவது மீன் இருக்கா என்றால், முகமே மலரும். தூண்டில் வீசும்போது பின்னால் நிற்கக் கூடாது. கோலைப் பின்னுக்கு இழுத்துத்தான் வீசுவார்கள். நுனியில் நாலைந்து கொக்கி தொங்கும்.

மீனைக் கையில் பிடித்துப் படம் எடுக்க ஆசை வரும். முக்கியமாகக் கெளுத்தி வேண்டாம். செம்பிலாங் என்று இங்கே சொல்வார்கள். வால் விலாங்கு மாதிரி இருக்கும். முதுகில் ஒரு முள், பக்கத் துடுப்புகளில் பக்கத்துக்கு ஒன்று, மூன்றிலும் விஷம். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தெரிந்தவர்களே இடுக்கியால்தான் கொக்கியைக் கழற்றுகிறார்கள்.

வானம் கறுத்து இடி கேட்டால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள். கார்பன் தூண்டில் மின்னலை இழுத்துக்கொள்ளும் சாமான். "இன்னும் ஒரு வீச்சு" என்று நிற்பவருக்குத் துணை நிற்க வேண்டாம்.

எழுபது தாண்டியவர் கிடைத்தால், பழைய கடற்கரை எங்கே இருந்தது என்று கேளுங்கள். நிற்கிற பூங்கா முழுக்க 1966-ல் தொடங்கிக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். முன்பு அலை கத்தோங் வட்டாரத்து வீடுகள் பக்கம் வந்து போகும். அரை மணி நேரத்துக்குக் குறையாது இந்தப் பேச்சு.

பசித்தால் கரையோரமாகவே லகூன் உணவங்காடிக்கு. சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, பெரும்பாலும் பத்துக் குச்சிக்குக் குறையாமல்தான் தருவார்கள். கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ் உள்ளூர் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. நீங்கள் இரண்டு, ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்த இடம், குப்பை இல்லை. மிச்ச நாற்காலியைக் கேட்டுவிட்டு உட்காரலாம், மறுப்பவர் அபூர்வம். எதிரே மலாய்க் குடும்பம் இருந்து ஒரு குச்சி நீட்டினால் வலது கையால் வாங்குங்கள். நீங்கள் பதிலுக்கு எதையாவது நீட்டுமுன் அது ஹலால் கடைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழும்போது தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கேயும் ஹலாலுக்குத் தனி அடுக்கு.