ஐந்து தோட்டா, ஒரு காலி அறை

அரிசோனாவில் 21 வயது நிரம்பியவர், சட்டப்படி தடை எதுவும் இல்லாதவர் என்றால், துப்பாக்கியை இடுப்பில் மறைத்துச் செருகிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகலாம். லைசென்ஸ் வேண்டாம், பயிற்சிச் சான்றிதழ் வேண்டாம். 2010 முதல் அதுதான் சட்டம். அதே மாநிலத்தில், பீனிக்ஸுக்கு வடக்கே பாலைவனத்தில் எங்கள் சங்கம் மாதாமாதம் நடத்தும் கௌபாய் சுடும் போட்டியில், என் ரிவால்வரில் ஐந்து தோட்டாதான் இருக்கிறதா, ஆறாவது அறை காலியா என்று இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் தோட்டா போடும் மேசையை விட்டு ஓர் அடி நகர முடியும். சட்டம் தளர்த்திவிட்ட கயிற்றைச் சங்கம் இழுத்துக் கட்டியிருக்கிறது. இந்த நாட்டில் எனக்கு முதலில் பிடிபட்ட ஒழுங்கு இதுதான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1980-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் மேற்கத்தியப் படப் பித்து பிடித்த சிலர் ஆரம்பித்தது. 1987-இல் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி’ உருவானது. சாஸ் என்பார்கள். ஊர்ச் சங்கங்கள் பெரும்பாலும் அதன் விதிப் புத்தகத்தை வைத்துத்தான் போட்டி நடத்துகின்றன. ஆளுக்கு நான்கு துப்பாக்கி: இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன். எல்லாம் 1800-களின் மாதிரிகள். ரிவால்வர் என்றால் 1873-இல் வந்த கோல்ட், ரைஃபிள் என்றால் அதே ஆண்டின் வின்செஸ்டர். அசலை வாங்க நம்மால் ஆகாது. எங்களில் பலர் கையில் இருப்பது இத்தாலியில் செய்த நகல். கிட்டத்தில் இரும்புத் தகடுகளை நட்டு வைத்திருப்பார்கள். பட்டால் ‘டங்’ என்று கேட்கும். டைமர் ‘பீப்’ அடித்ததும் சொன்ன வரிசையில் சுட வேண்டும். தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் 5 வினாடி கூடும். கைதேர்ந்தவர்கள் 20 வினாடிக்குள் முடித்துவிடுவார்கள். நான் நிதானம்.

உடையும் அந்தக் காலத்தது. டீ-ஷர்ட், பேஸ்பால் தொப்பி, ஓட்டக் காலணி கூடாது. 1890-இல் என் கொள்ளுத்தாத்தா கட்டியிருந்தது வேட்டி, ஆகவே அதுவும் காலத்துக்குப் பொருந்தும் என்று ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். தோட்டா பெல்ட்டின் கனத்துக்கு அது நிற்காது என்று நானே பிறகு விட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் பதிந்துகொள்ள வேண்டும். ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்க முடியாது. சாண்ட்லரில் இருக்கும் நண்பர் ஒருவர் ‘வீரப்பன்’ என்று வைக்கச் சொன்னார், யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்ற உறுதியோடு. வேண்டாம் என்றேன்.

நான் மதுரைக்காரன். ஊரில் நான் பார்த்த துப்பாக்கிகள் வங்கி வாசலில் காவலாளி மடியில் கிடந்த இரட்டைக்குழல், கலெக்டர் ஆபீஸ் போலீஸ்காரர் தோளில் தொங்கிய பழைய ரைஃபிள், அவ்வளவுதான். லைசென்ஸ் வைத்திருந்த ஒரு மிராசுதார் தேர்தல் வந்தால் தன் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அதையே தெருவில் ஒரு கௌரவமாகப் பேசுவார்கள். கௌபாய்கள் என்றால் சிவகாசியில் அச்சாகி வந்த காமிக்ஸ், தொப்பியும் குதிரையுமாக ஜெய்சங்கர். அங்கே யாரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டதில்லை.

எச்-1பி விசாவில் இருந்தபோதுதான் உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். வேடிக்கை பார்க்கலாம், தொடக் கூடாது என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு. நம் ஆட்கள் சிலர் அந்த வழியில் போய், முயலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் லைசென்ஸைப் பர்ஸில் வைத்திருக்கிறார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னைத் துணைத் தூதரக வரிசையில் நிற்கும்போது வயிற்றைக் கலக்கும் விஷயங்களின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

அங்கே ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். தரையில் கிடந்த பித்தளைக் கூடுகளை உதவியாகப் பொறுக்கித் தரலாம் என்று குனிந்தேன். “தொடாதே” என்று தடுத்தார். கூட்டாட்சிச் சட்டத்தில் ‘தோட்டா’ என்பதற்கான விளக்கத்தில் சுட்டுப் போட்ட வெற்றுக் கூடும் அடங்குமாம். எந்த அதிகாரியும் அதற்காக என்னைப் பிடிக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார். என் விசாவைப் பற்றி என் கம்பெனியின் வக்கீல்களைவிட அவருக்குத்தான் அக்கறை இருந்ததுபோலத் தோன்றியது.

தொடாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருந்தது. சுடுபவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் மூன்று பேர் நின்று தவறிய குண்டுகளை எண்ணுவார்கள். ஸ்பாட்டர் என்று பெயர். முடிந்ததும் தவறிய எண்ணிக்கையை விரலில் காட்ட வேண்டும். மூவரில் இருவர் சொல்வதே கணக்கு. சந்தேகம் வந்தால் சுடுபவருக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு. தவறியது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே விரல் எழும். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் நிற்கும் காலம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலம் முழுக்க நான் ஸ்பாட்டர். துப்பாக்கியைத் தொடுவதற்கு வெகுநாள் முன்பே, சுடுபவரின் கால் எங்கே நிற்கிறது, குழல் எங்கே பார்க்கிறது, விரல் எப்போது விசைக்குள் போகிறது என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. துப்பாக்கி வாங்கிய மறுநாளே வந்து நிற்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

அங்கே எந்தத் துப்பாக்கியும் தோட்டாவோடு உள்ளே வராது. வண்டியிலிருந்து இறக்கும்போது காலி, தள்ளுவண்டியில் நிறுத்தும்போது காலி. தோட்டா போட ஒரே இடம், லோடிங் மேசை. அங்கே குழல் எல்லாம் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்கும். ரிவால்வரில் ஐந்து போட்டு, சுத்தியலை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் பாகத்தை, காலி அறையின் மேல் இறக்க வேண்டும். ஏன் ஐந்து? பழைய கோல்ட்டில் சுத்தியல் இறங்கி நிற்கும்போது அதன் முனை தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டபடி இருக்கும். துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடித்துவிடும். ஆறு அறை வைத்துச் செய்த துப்பாக்கியில் ஐந்துதான் போடலாம் என்பது 1873-இலேயே இருந்த குறை. அதையே நாங்கள் விதியாக்கி வைத்திருக்கிறோம். ரைஃபிளின் தோட்டாக் குழாயில் பத்து போடலாம், அறைக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. ஷாட்கன்னை மேசையில் நிரப்பவே கூடாது. திறந்தபடி எடுத்துப் போய், டைமர் அடித்த பிறகு கையால் போட வேண்டும்.

எனக்குப் பிடிபட அதிக நாள் ஆனது 170 டிகிரி விதி. நீங்கள் நின்று இலக்கைப் பார்க்கும்போது இடமும் வலமுமாக மொத்தம் 180 டிகிரி விரிகிறது அல்லவா? குழல் இரு பக்கமும் அந்த எல்லைக்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். நேராக நின்று சுடும்போது இது ஒன்றுமில்லை. அடுத்த ஜன்னலுக்கு ஓடும்போதும், வயிற்றுக்குக் குறுக்கே மாட்டிய உறையிலிருந்து உருவும்போதும்தான் சிக்கல். குறுக்கு உறைக்காரர்கள் இடுப்பைத் திருப்பி ஒரு சின்ன நடனம் ஆடித்தான் எடுக்க வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அந்த நடனம் ஆடாதவருக்கு அந்த ஸ்டேஜ், அதாவது போட்டியின் அந்தச் சுற்று, அதோடு போய்விடும், முழு அபராதம். எல்லை தாண்டுவதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் உடனே குரல் கொடுக்க வேண்டும். நேற்று வந்த புதியவர்கூட, உலகப் போட்டியில் பரிசு வாங்கியவரை நோக்கி “மஸல்!” (குழல்முனை!) என்று கத்தலாம். கத்தத்தான் வேண்டும்.

இது எனக்கு எளிதில் வரவில்லை. பெரியவர்களை எதிரே நின்று அதட்டிப் பேசி வளர்ந்தவன் இல்லை நான். ஒருமுறை எங்கள் சங்கத்தின் மிக மூத்தவர்களில் ஒருவர், பாதி விதிகளை எங்களுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தவர், சுட்டு முடித்த ரைஃபிளை மேசையில் வைக்கப் போனார். அது கை நழுவித் தரையில் விழுந்தது. காலி ரைஃபிள்தான். யாரையும் நோக்கவில்லை, எதுவும் ஆகவில்லை. எங்கள் ஊராக இருந்தால் “ஐயா, பாத்து” என்று எடுத்துக் கொடுத்திருப்போம். அவரோ இரண்டு கையையும் விலக்கிக்கொண்டு அப்படியே நின்றார். விழுந்த துப்பாக்கியைச் சுட்டவர் எடுக்கக் கூடாது; டைமர் வைத்திருப்பவர்தான் எடுத்து, காலி என்று பார்த்து, திருப்பித் தர வேண்டும். டைமர்காரர் குனிந்து எடுத்தார். ஸ்டேஜ் டிஸ்குவாலிஃபை. அதில் தோட்டா இருந்திருந்தால் அன்றைய போட்டியே முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஸ்டேஜ் அபராதம் இரண்டு சேர்ந்தாலும் வீட்டுக்குத்தான். பெரியவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு, அடுத்த சுடுநருக்கு ஸ்பாட்டராக வந்து என் பக்கத்தில் நின்றார். யாரும் அவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை, யாரும் அவருக்காகப் பேசவுமில்லை. அலுவலகங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் நான் பார்த்த விதிகள் ஆளைப் பார்த்து வளைபவை. இது வளையவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

பொது விதிகளுக்கு மேல் ஊர் விதிகள் உண்டு. முதல்முறை வருபவர் ஒரு மூத்தவரைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் சுட வேண்டும். அன்று ஒரு பீர் குடித்தாலும் அதோடு துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஈயக் குண்டு தகட்டில் சிதறித் திரும்பி வரும் என்பதால், வேடிக்கை பார்க்கும் பாட்டிக்கும் கண்ணாடி கட்டாயம். வறண்ட மாதங்களில் கரும்பொடித் தோட்டா கிடையாது, புல் பற்றிக்கொள்ளும். வசந்த காலத்தில் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெளியே வரும். பாம்பைக் கண்டால் எல்லோரும் நிறுத்த வேண்டும், சுடக் கூடாது. சுற்றி நாற்பது ரிவால்வர் இருக்கும் இடத்தில் ஒருவர் நீளக் குறடும் வாளியும் எடுத்துக்கொண்டு வருவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

மதிய உணவு விஷயத்தில் எனக்கென்று ஒரு விதி. ஈயம் கையில் ஒட்டும். சாதாரண சோப்புக்கு முழுசாகப் போகாது. மற்றவர்கள் சாண்ட்விச்சைக் காகிதத்தோடு பிடித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். நான் கொண்டுபோவது எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும். கையால் பிசைந்து தின்னும் சாதிக்கு ஈயம் எடுக்கும் தனி சோப்பு, குளிர்ந்த தண்ணீர், நகக்கண் வரை தேய்த்தல், அப்புறம்தான் டப்பாவைத் திறப்பது. போட்டுப் போன சட்டை வீட்டுத் துணிகளோடு சேர்ந்து துவைக்கப்படுவதும் இல்லை.

கிரீன் கார்டு வந்த பிறகு துப்பாக்கிக் கடையில், வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பினேன். குடியுரிமை எந்த நாடு, ஏலியன் எண் (குடிவரவுத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் எண்) என்ன, கஞ்சா பழக்கம் உண்டா என்று கேட்கும். இந்த மாநிலத்தில் 2020 வாக்கெடுப்பில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது. கூட்டாட்சிப் படிவம் அதை ஏற்பதில்லை, அங்கே பொய் சொன்னால் அதுவே குற்றம். பின்னணிச் சோதனை முடிந்து ரிவால்வர் பெட்டி கைக்கு வந்தது.

அம்மா ஃபோனில், “ஊரே அங்க சுட்டுக்கிட்டுச் சாகுதுன்னு டிவில காட்டுறான், நீயும் ஒண்ணு வாங்கிட்டியாக்கும்?” என்றாள். அந்தக் கேள்விக்குச் சங்கத்து விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. எங்கள் மைதானத்தின் கண்டிப்பு மைதானத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு வெளியே இருப்பது முதல் பத்தியில் சொன்ன அரிசோனா. அவளிடம் விளையாட்டு என்றேன். நம்பியதுபோலத் தெரியவில்லை.

மனைவி வேறு மாதிரி. அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். “சட்டம் என்ன சொல்லுதுன்னு எனக்கு வேணாங்க. வார இறுதியில நம்ம வீட்டுல எத்தனை பிள்ளைங்க ஓடுதுன்னு பாருங்க” என்றாள். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க இந்த மாநிலத்தில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவள் கட்டாயப்படுத்தினாள். எஃகுப் பெட்டி சுவரோடு போல்ட் போட்டு நிற்கிறது. தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். எண் எங்கள் இருவருக்கு மட்டும். பொங்கலுக்கோ பிறந்த நாளுக்கோ பிள்ளைகளோடு வருபவர்களிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, இப்படிப் பூட்டியிருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுகிறோம். ஒரு குடும்பம் அதற்குப் பிறகு வரவில்லை. அவர்கள் செய்ததில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் பென் ஏவரி மைதானத்தில் ‘விண்டர் ரேஞ்ச்’ தேசியப் போட்டி நடக்கும். போன முறை மகனைக் கூட்டிப் போனேன். பதின்மூன்று வயது வரை உள்ளவர்களுக்கு அங்கே ‘பக்கரூ’ என்று தனிப் பிரிவு உண்டு என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். காரில் வீடு வரும் வரை அதே பேச்சு. அவன் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்று தவறிய குண்டை எண்ணட்டும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்கிறாள். அவன் அதற்குச் சம்பளம் கேட்கிறான்.