டிஜே செய்முறைத் தேர்வில் ஒலி அளவு: இரண்டாம் முறை தேறியவனின் குறிப்புகள்

கோவையில் டிஜே பயிற்சி முடித்து, செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறியவன் நான். முதல் முறை என் தாளம் பிசகவில்லை. பாடல்கள் இணைந்த இடங்களும் சுத்தமாகவே இருந்தன. என்னைக் கவிழ்த்தது ஒலி அளவு ஒன்றுதான்.

ஐந்து பாடல்களைக் கொடுத்து இடைவெளியின்றிக் கலக்கச் சொன்னார்கள். அவற்றுள் இரண்டு 1980களில் பதிவான மெல்லிசை, மற்றவை அண்மைக் காலக் குத்துப்பாட்டுகள். பழைய பாட்டு அடங்கி ஒலித்ததால் அதன் கெயினை, அதாவது மிக்ஸருக்குள் நுழையும் ஒலியின் அளவை, கூட்டினேன். அடுத்து வந்தது அதற்கு ஈடாக இல்லையென்று தோன்றவே அதையும் கூட்டினேன். முடிந்தபின் தேர்வாளர் பதிவைக் கணினியில் திறந்து காட்டினார். முதல் பாட்டில் மேடும் பள்ளமுமாக இருந்த ஒலி அலை, ஐந்தாம் பாட்டில் தலை வெட்டிய வேலிச்செடி போல மட்டமாகக் கிடந்தது. "ஏனுங்க தம்பி, பாட்டுக்குப் பாட்டு ஏத்திட்டே போனா கடசீல எங்க போயி நிக்கறதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

காது சத்தத்துக்குப் பழகிவிடுகிறது என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டி விசைத்தறிகள் ஓடுவதால், ஹெட்போனை உச்சத்தில் வைத்தே பழகியிருந்தேன் என்பதும் ஒரு காரணம். பிறகு அதிகாலையில், தறி ஓடத் தொடங்கும் முன், குறைந்த ஒலியில் பழகினேன்.

கெயினைப் பாட்டின் தொடக்கத்தை வைத்து அமைப்பதே பலரும் செய்யும் தவறு. நம் பாடல்களில் முகப்பு இசை ஒரு புல்லாங்குழலோடு நின்றுவிடும். சரணத்துக்கு முந்தைய இடையிசையில் மேளம் மொத்தமும் இறங்கும்போது, ஒலி அளவைக் காட்டும் மீட்டர் விளக்குகள் ஒலி உடையும் எல்லையான சிவப்பைத் தொட்டுவிடும். ஆகவே திரையில் அலை எங்கே உயர்ந்து நிற்கிறதோ அங்கே தாவி, தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழ்கள் மூன்றையும் நடுவில் நிறுத்தி, அந்தப் பாட்டை ஹெட்போனுக்கு அனுப்பும் க்யூ பொத்தானை அழுத்திக் கேட்டபடி, உச்சம் பச்சையைத் தாண்டி மஞ்சளின் முதல் விளக்கைத் தொடும்வரை கெயினைத் திருப்ப வேண்டும்.

மீட்டரில் இரண்டும் சமமானாலும் காதில் சமமாகாது என்பதுதான் இதில் நுட்பம். மீட்டர் பெரும்பாலும் உச்சத்தைக் காட்டுகிறது. காதோ சராசரியைக் கேட்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் கைபேசியில் பதிந்த ஜமாப் மேளத்தை ஒரு புதிய பாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: ஒவ்வொரு அடிக்கும் விளக்கு துள்ளியது, ஆனால் அடிகளுக்கிடையே ஒலி தாழ்ந்துவிடுவதால் மொத்தத்தில் மெலிந்தே கேட்டது. புதிய பாட்டு பதிவிலேயே அழுத்தி நிரப்பப்பட்டிருப்பதால் அதே உச்சத்தில் உரத்துக் கேட்டது. இங்கே பழையதைச் சிவப்புக்குள் தள்ளாமல், புதியதன் கெயினைக் குறைப்பதே சரி. மென்பொருளின் தானியங்கிக் கெயின் பாதி வேலையைச் செய்யும். மீதியைக் காதால்தான் முடிக்க வேண்டும்.

பேஸ் எனும் தாழ்ந்த ஒலி பற்றி ஒன்று. ஒரே அளவுள்ள இரண்டு பாடல்கள் சேரும்போது மொத்த ஒலி ஏறத்தாழ 3 டெசிபல் கூடும். இரண்டின் கிக் டிரம்களும் (தாளத்துக்கு அடித்துடிப்பு தரும் பெரிய டிரம்) ஒரே கணத்தில் ஒத்து விழுந்தால் 6 டெசிபல் வரை எகிறும். அதனால் வரும் பாட்டின் பேஸைக் குறைத்து வைத்து ஃபேடரை (பாட்டின் ஒலியை ஏற்றி இறக்கும் நழுவு பிடியை) ஏற்றி, தாள வட்டத்தின் முதல் அடியில் பழையதன் பேஸை இறக்கிப் புதியதன் பேஸைத் திறந்தேன். இறக்கிய குமிழை அடுத்த பாட்டுக்கு முன் நடுவுக்குக் கொண்டுவர மறந்தால் அந்தப் பாட்டின் கெயின் தவறாகிவிடும். எனக்கு ஒருமுறை ஆனது.

இரண்டாம் முறை, கலவை முடிந்ததும் ஒரு வாய்மொழிக் கேள்வி வந்தது: சேனல் மீட்டர் (ஒரு பாட்டுக்குரியது), மாஸ்டர் மீட்டர் (மொத்த ஒலிக்குரியது) இரண்டும் சிவப்பானால் முதலில் எதைத் தொடுவாய்? சேனலின் கெயினை என்றேன். சேனலிலேயே உடைந்த ஒலியை மாஸ்டரில் குறைத்தால், உடைந்த ஒலி சற்று மெதுவாகக் கேட்குமே தவிரச் சீராகாது என்று விளக்கினேன். தேர்வாளர் மறுபேச்சின்றி மதிப்பெண் தாளில் குறித்துக்கொண்டார்.