கோல்ஃப் ஸ்லைஸ் திருத்தம்: பயிற்சிக் குறிப்புகள்

மார்ச் 2
இனி ட்ரைவர் (பந்தை அதிக தூரம் அடிக்கும் கோல்ஃப் கிளப்) அடியை மட்டும் தனியாக எழுதி வைக்கப் போகிறேன். பந்து இலக்குக்குக் கொஞ்சம் இடப்பக்கம் கிளம்புகிறது. பாதி தூரம் வரை நன்றாகவே போகிறது. அப்புறம் வலப்பக்கம் வளையத் தொடங்கி, ஃபேர்வேயை (புல் வெட்டிய ஆடுதளத்தை) தாண்டி மரங்களுக்குள் இறங்கிவிடுகிறது. வலக்கைக்காரருக்கு இதுதான் ஸ்லைஸ்; இடக்கைக்காரருக்கு எல்லாம் எதிர்ப்பக்கம்.

கவனித்த ஒன்று: 9 அயன் என்ற குறுந்தூரக் கிளப்பில் வளைவு தெரிவதே இல்லை. 7 அயனில் லேசாகத் தெரிகிறது. ட்ரைவரில்தான் முழுதாக. அயனின் முகம் (பந்தில் படும் தட்டைப் பகுதி) நன்றாகச் சாய்ந்திருப்பதால் பந்து பின்னோக்கி வேகமாகச் சுழலும். முகம் சற்றுத் திரும்பியிருந்தாலும் சுழல் அச்சு அதிகம் சாயாது. ட்ரைவரின் சாய்வு 10 டிகிரி அளவுதான். அதே சிறு திருப்பம் அச்சை நன்றாகச் சாய்த்துவிடும்.

மார்ச் 5
கோச் என் சுவிங்கை (கிளப்பை வீசும் அசைவை) பின்னாலிருந்து செல்போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். கிளப் வெளியிலிருந்து (பந்துக்கு அப்பாலிருந்து) உள்ளே, என் பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது. "பந்து எங்க கிளம்புதுன்னு முகத்தைப் பாருங்க. எந்தப் பக்கம் வளையுதுன்னா, முகத்தையும் பாதையையும் சேர்த்துப் பாருங்க" என்றார்.

கிளப் போகும் பாதையில்தான் பந்து கிளம்பும் என்றே பல காலம் சொல்லிக் கொடுத்தார்கள். பந்தின் பறப்பை அளக்கும் ரேடார் கருவிகள் வந்த பிறகு அது மாறிவிட்டது: கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம். கிளப்பின் பாதை இலக்குக்கு 6 டிகிரி இடப்பக்கமும், முகம் 2 டிகிரி இடப்பக்கமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கை வைத்துப் பார்த்தால் முகம் மூடியிருக்கிறது, அதாவது இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பாதையை வைத்துப் பார்த்தால் 4 டிகிரி திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும். என் அடி அப்படியே இதுதான்.

மார்ச் 6
கைக்கு ஓய்வு. படிப்பு மட்டும். சுழலும் பந்து காற்றில் வளைவதை டென்னிஸ் பந்தை வைத்து நியூட்டன் 1672இலேயே எழுதியிருக்கிறார். 1890களில் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் கோல்ஃப் பந்தின் சுழற்சியைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896, 1898 ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். அப்பா கணக்கில், மகன் மைதானத்தில்! இந்த வீட்டைப் பற்றி இன்னும் படிக்க ஆசையாக இருக்கிறது.

மார்ச் 9
கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதம். இன்று முழுக்க இதுதான்.

இடக்கையில் கிளப் உள்ளங்கைக்குக் குறுக்காகக் கிடந்தது. அதை விரல்களின் அடிப்பகுதிக்கு இறக்கினேன். கையைச் சற்று வலப்பக்கம் திருப்பி வைத்ததும், குனிந்து பார்த்தால் மூன்று விரல் முட்டிகள் தெரிகின்றன. முன்பு ஒன்றுதான் தெரியும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே விழும் கோடு வலத் தோளைக் காட்ட வேண்டும். வலக்கைக்கும் அப்படியே.

அடித்தால் பந்து நேராக இடப்பக்கம் போனது. வளைவே இல்லை. கோச்சுக்குப் போன் செய்தேன். "வளையலைல்ல? அப்ப சரியாத்தான் போயிட்டிருக்கு. இப்போதைக்கு வேற எதையும் தொடாதீங்க."

ஸ்லைஸ் திருத்த நினைக்கும் எல்லோருக்கும் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலில் முகம், பிறகு பாதை. முகம் திறந்தே இருக்கும்போது பாதையை மட்டும் சரிசெய்தால், பந்து வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் போகும். அதைப் பார்த்த உடம்பு அடுத்த அடியிலேயே கிளப்பை இடப்பக்கம் இழுக்கும். வெளியிலிருந்து வெட்டும் பழக்கம் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. இடப்பக்கமாக நின்று அடித்துப் பார் என்று சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது வெட்டை இன்னும் கூட்டும்.

மார்ச் 10
கட்டைவிரல் அடியில் சிவந்திருக்கிறது. பிடி இறுகியிருக்கிறது. தளர்த்த வேண்டும், இறுகிய கையில் முகம் திரும்பாது.

மார்ச் 14
மணிக்கட்டு. கிளப் உச்சியில் இருக்கும்போது இட மணிக்கட்டு பின்னால் மடிந்தால் முகம் திறந்துவிடும். கையுறைக்குள் புறங்கைப் பக்கம் ஓர் அடிக்கோலைச் செருகி, மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். மடிந்த உடனே அடிக்கோல் முன்கையில் குத்துகிறது. குத்தாமல் உச்சிக்குப் போக முடிந்தால் மணிக்கட்டு தட்டையாக இருக்கிறது என்று பொருள். பந்தே வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம்.

மார்ச் 18
இனி பாதை. பந்தை இலக்குப் பக்கமாக மிக முன்னால் வைத்திருந்ததால் தோள்கள் தாமாகவே இடப்பக்கம் திரும்பி நின்றன. இடக் குதிகாலுக்கு நேராகக் கொண்டுவந்ததும் தோள் சீரானது.

அப்புறம் ட்ரைவரின் உறையைப் பந்துக்கு வெளிப்பக்கம், சற்றுப் பின்னால் வைத்து 7 அயனில் அரை சுவிங். வெளியிலிருந்து வந்தால் உறை பறக்கும். பறந்தது, பலமுறை. வலக்காலைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து அடித்தபோதுதான் கிளப் உள்ளிருந்து வருவது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தது. இறங்கும்போது முதலில் எடை இடக்காலுக்குப் போக வேண்டும். தோள் முந்தினால் வெட்டு நிச்சயம்.

மார்ச் 27
பாதை சரி, முகம் சரி, ஆனாலும் சில ட்ரைவர் அடிகள் வலப்பக்கம் வளைந்தன. கிளப் முகத்தில் பாதப் பவுடர் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். அந்த அடிகளின் தடம் எல்லாம் குதிப்பக்கம், தண்டுக்கு அருகே. அங்கே பட்டால் கிளப் தலை சற்றுத் திரும்பி, பந்துக்கு ஸ்லைஸ் சுழற்சியைக் கொடுத்துவிடும். பந்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றதும் தடம் நடுவுக்கு வந்தது. சுவிங்கைக் குறை சொல்வதற்கு முன் தடத்தைப் பார்ப்பது நல்லது.

ஏப்ரல் 3
மைதானத்தில் ஆடினேன். டீயிலிருந்து (முதல் அடி தொடங்கும் இடம்) பந்து இடப்பக்கம் கிளம்பி, லேசாக வலப்பக்கம் திரும்பி ஃபேர்வேயில் நிற்கிறது. இந்த அளவு வளைவுக்குப் பெயர் ஃபேட். புகழ்பெற்ற கோல்ஃப் வீரர்கள் ஜாக் நிக்லாஸும் லீ ட்ரெவினோவும் விரும்பி ஆடியது இதைத்தான். இதையும் நேராக்கக் கிளம்ப மாட்டேன். எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த பந்தை வைத்து ஆட முடியும். நாளையிலிருந்து 3 வுட் என்ற அடுத்த கிளப்.