சனிப் பிரதோஷத்துக்கு எலிஃபெண்டா போய் கடைசி போட்ல திரும்பினோம்

மும்பை மாதுங்கால இருக்கிற அத்தைக்கு, அந்த ஊர்த் துறைமுகத்துல தீவா இருக்கிற எலிஃபெண்டா சிவன் குகை மேல ஒரு பழைய கோபம். அவங்களுக்கு சோமவாரப் பிரதோஷம்தான் விசேஷம், ஆனா திங்கக்கிழமை அந்த குகைக்கு லீவு, "சிவனுக்கே திங்கக்கிழமை கதவடைக்கிற ஊரை எங்கடா பார்த்திருக்கே"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. தொல்லியல் துறை கையில இருக்கிற இடம், நித்ய பூஜை கிடையாது, அவங்களுக்கு எல்லா கிழமையும் ஒண்ணுதான். சரி சனிப் பிரதோஷமாவது கிடைக்குதேன்னு நான் பெங்களூர்ல உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து சேர்ந்தேன், மறுநாளே கிளம்பிட்டோம். சங்கராந்தி சமயம், மும்பைல வேர்க்காத ஒரே சீசன்.

கேட்வே ஆஃப் இந்தியால இருந்து போட்ல ஒரு மணி நேரம். படிக்கட்டு, ரெண்டு பக்கமும் கடை, குரங்கு பாட்டிலைப் பிடுங்கறது எல்லாம் யூடியூப்ல ஏற்கெனவே பார்த்திருப்பீங்க. உள்ள, 6-ம் நூற்றாண்டுல மலையைக் குடைஞ்ச பெரிய குகை, எதிர்ல கிட்டத்தட்ட 20 அடி உயரத்துக்கு மூணு முகத்தோட சதாசிவம், நடு முகம் கண்ணை மூடி அப்படி ஒரு அமைதி. நம்ம ஊர்னா "நகருங்க நகருங்க"ன்னு தள்ளி விட்டிருப்பாங்க, இங்க யாரும் தள்ளல, ஆனா பாதி பேர் சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு செல்ஃபி. அத்தை அங்க ரொம்ப நேரம் நிக்கல. நாலு பக்கமும் வாசல் வச்ச கருவறை ஒண்ணு தனியா இருக்கு, வாசலுக்கு ரெண்டு துவாரபாலகர், பாதிப் பேருக்கு கை கால் போயிடுச்சு, உள்ள லிங்கம் மட்டும். விளக்கு இல்ல, பூ இல்ல. அத்தை வாசல்லயே நின்னு சின்னக் குரல்ல ஒரு பதிகம் பாடினாங்க, செக்யூரிட்டி ஒருத்தர் பார்த்தார், ஒண்ணும் சொல்லல.

சிக்கல் என்னன்னா பிரதோஷ காலமே நாலரைல இருந்து ஆறு வரைக்கும், கடைசி போட் அஞ்சரைக்கு. ராத்திரி வெளியாள் யாரும் தீவுல தங்கக் கூடாது. நல்ல நேரத்துல சாமியை விட்டுட்டு இறங்கறோமேன்னு அத்தைக்கு முகம் வாடிடுச்சு, படகுத்துறை வர்ற வரைக்கும் பேசவே இல்ல. போட் கிளம்பினப்புறம் அவங்களே சொன்னாங்க, "ஆலகாலம் கடல்லேர்ந்துதானேடா வந்தது, அதைக் குடிச்சவரைக் கடல்ல உட்கார்ந்து கும்பிட்டா ஆகாதா?" அந்த டீசல் நாத்தத்துக்கு நடுவுல எனக்கு ஆலகாலத்துல சந்தேகமே வரல!

மேல் தட்டுல மர பெஞ்சுல உட்கார்ந்தோம், அதுக்கு தனியா காசு, கொடுத்துடுங்க, கீழ உட்கார்ந்தா ஒண்ணும் தெரியாது. மும்பைன்னாலே மரைன் டிரைவ் சன்செட்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா துறைமுகம் ஊருக்குக் கிழக்குப் பக்கம், அதனால இங்க சூரியன் கடல்ல விழாது, ஊருக்குப் பின்னாடி இறங்குது, கட்டடம் எல்லாம் கறுத்துப் போய் நிக்க நடுவுல தாஜ் கோபுரம் மட்டும் அடையாளம் தெரியுது. திரும்பிப் பார்த்தா அந்தப் பக்கம் நவா ஷேவா துறைமுகத்து கிரேன்ல ஒண்ணொண்ணா லைட், வடக்கே அடல் சேது கடல் பாலத்துல நீளமா ஒரு கோடு, நங்கூரம் போட்ட டேங்கர் கப்பல் எல்லாம் அசையாம நிக்குது, நம்ம போட் அதுங்க பக்கத்துல போறப்ப எவ்வளவு சின்னதுன்னு புரியுது. தீவுலயும் விளக்கு வந்துடுச்சு. அங்க கரண்ட் வந்ததே 2018-ல, கடலுக்கு அடியில 7.5 கிலோமீட்டர் கேபிள் போட்டு. கண்ணுக்கு எதிர்ல மும்பை ஜொலிக்க அந்த கிராமத்து ஜனம் ஜெனரேட்டரையும் விளக்கையும் வச்சு ஓட்டியிருக்காங்க, கேட்டா நம்பவே முடியல.

அத்தை பையிலேர்ந்து விபூதி எடுத்து எனக்கு வச்சு விட்டாங்க. பக்கத்துல ஒம்பது கஜம் கட்டின ஒரு மராத்தி ஆஜி (பாட்டி), "பிரசாத் ஹை க்யா?"ன்னு கையை நீட்டினாங்க. பிரசாதம் இல்ல, வீட்டுலேர்ந்து கொண்டு வந்ததுன்னு சொல்ல அத்தைக்கு மனசு வரல, கொடுத்துட்டாங்க. ஆஜி பதிலுக்கு ஒரு எள்ளுருண்டை கொடுத்து இனிமையா பேசணும்னு மராத்தில சொன்னாங்க, சங்கராந்திக்கு அவங்க வழக்கம். அப்புறம் முன் பெஞ்சுக்காரர், அவர் பொண்ணு, கடைசில டிக்கெட் செக் பண்ற பையன் வரைக்கும் நெத்தியில விபூதி!

கேட்வே வந்தப்ப நல்லா இருட்டிடுச்சு. படில எடம் இல்லாம எங்க போட்டை இன்னொரு போட்டோட சேர்த்துக் கட்டினாங்க, அதுக்குள்ள இறங்கி ஏறிதான் கரைக்கு வரணும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா இந்த எடத்துல கையைப் பிடிச்சுக்கோங்க. பாபுல்நாத் சிவன் கோயில் இன்னும் திறந்திருக்கும், லிஃப்ட் கூட இருக்கு, போலாமான்னு கேட்டேன். "ஒரே நாள்ல ரெண்டு சிவனைப் பார்த்தா முன்னாடி பார்த்தவர் மறந்து போயிடுவார்டா, எனக்குப் பசிக்குது"ன்னாங்க. டாக்சி பிடிச்சு சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வந்து மாதுங்காவுக்கு ஸ்லோ லோக்கல் ஏறினோம், சனிக்கிழமைங்கறதால உட்கார எடம் கிடைச்சது.