சிவப்பு வட்டத்துக்குள் ஒரு ‘தேர்ஃபோர்’

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சம்பளப் பட்டியலில் என் பதவி கணக்கு உதவியாளர். ஆனால் பொழுதில் பாதி கடிதம் எழுதுவதிலேயே போயிற்று. இலை கொண்டுவரும் சிறு விவசாயிகளிடம் தமிழிலும் படுகு மொழியிலும் பேச்சு நடக்கும். புரோக்கருக்கும் வாங்குபவர்களுக்கும் போகும் காகிதம் முழுவதும் ஆங்கிலம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். பழைய கோப்புகளைப் புரட்டி, எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதிய வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆங்கிலக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டேன். அவருடைய பிழைகளும் அப்படியே எனக்குச் சொத்தாக வந்தன.

ஒரு பிப்ரவரி மாதம் புகார் வந்தது. குன்னூர் ஏலத்தில் விற்ற ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுப்பாக விற்ற தேயிலையில், புகை வாடை அடிக்கிறது என்று வாங்கியவர் புரோக்கர் வழியாக எழுதியிருந்தார். தேயிலைக்காரர்களுக்கு இதைவிட அவமானமான குற்றச்சாட்டு அதிகம் இல்லை. நிறம் குறைவு, சாறு மெலிவு என்றால் பருவத்தின் மேல் பழி போடலாம், இலையின் மேல் போடலாம். புகை வாடைக்குத் தொழிற்சாலைதான் பதில் சொல்ல வேண்டும். நான் அரை மணி நேரத்தில் பதில் தயாரித்தேன். அதன் சாரம் இரண்டே வாக்கியம்: எங்கள் டிரையரும் ஹீட்டரும் டிசம்பரில் முழுமையாகச் சர்வீஸ் செய்யப்பட்டன. தேர்ஃபோர் (therefore, ஆகவே), இந்தப் புகை வாடை எங்கள் தொழிற்சாலையில் தோன்றியிருக்க முடியாது.

எழுதியபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த ஒரு சொல் கதவை இழுத்துச் சாத்துகிற ஓசையோடு வந்து விழுந்திருந்தது.

பங்குதாரர்களில் ஒருவர் முன்பு தேயிலை ருசி பார்ப்பவராக இருந்தவர். எழுபதைக் கடந்தும் காலை எட்டு மணிக்கு வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக வைத்த மேசை முன் நின்றுவிடுவார். கடிதங்கள் எல்லாம் அவர் கையெழுத்துக்குத்தான் போகும். என் கடிதம் திரும்பி வந்தபோது தேர்ஃபோரைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது. வேறு எதையும் அவர் திருத்தவில்லை.

“இந்த லாட் எந்த மாதம் காய்ந்தது அம்மா?” என்று கேட்டார்.

“ஜனவரி கடைசி வாரம், ஐயா.”

“சர்வீஸ் செய்தது டிசம்பர். சர்வீஸ் செய்த ஹீட்டர் அடுத்த இரண்டு மாதம் விரிசல் விடாது என்று எங்கே எழுதியிருக்கிறாய்?”

எங்கும் எழுதவில்லை. “எழுதவில்லை, ஆனால் இந்தச் சொல்லுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாய். படிக்கிறவன் முதலில் அங்கேதான் கையை விடுவான்” என்றார்.

எங்கள் அலுவலகத்தில் தேர்ஃபோருக்கு ஒரு தம்பி உண்டு. அவன் பெயர் ஹென்ஸ் (hence). நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் கடைசிப் பத்தி பெரும்பாலும் அவனோடுதான் தொடங்கும். உடம்பு சரியில்லை, ஹென்ஸ் விடுப்பு வேண்டும். விறகு வரவில்லை, ஹென்ஸ் ஆவன செய்யவும். காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மரியாதைக்குத் தோளில் போடும் துண்டு மாதிரி அவன் வந்து உட்கார்ந்துவிடுவான். நான் எழுதிய பழைய கடிதங்களை எடுத்து எண்ணிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

பெரியவர் இலக்கண ஆசிரியர் அல்லர். ஆனால் ஒரு சொல்லை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஹென்ஸ் என்றால் முதலில் ‘இங்கிருந்து’ என்றுதான் பொருள், அது வழி காட்டும் சொல் என்றார். இந்த இடத்தில் நிற்கிறோம், இங்கிருந்து அடுத்த இடம் தெரிகிறது என்று சொல்வதற்கு. அதனால்தான் ஆங்கிலத்தில் அதன் பின்னால் வினை இல்லாமல் வெறும் பெயரைக்கூட வைக்க முடிகிறது: மலை நீலமாகத் தெரிகிறது, ஹென்ஸ் இந்தப் பெயர். தஸ் (thus) என்பது ‘இவ்வாறு’. எப்படி நடந்தது என்று விவரித்த பிறகு வர வேண்டியதை, நாம் தேர்ஃபோர் அலுத்துப்போனால் மாற்றுக்கு எடுத்துக்கொள்கிறோம். கான்ஸிக்வென்ட்லி (consequently) என்ற நீளமான சொல் லத்தீனில் ‘பின்தொடர்ந்து வருதல்’ என்பதிலிருந்து வந்தது. ஒன்று நடந்தது, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று நடந்தது என்னும்போது அது பொருந்தும். தேர்ஃபோர்தான் வழக்காடுகிற சொல். முன்னால் சொன்னதை ஒப்புக்கொண்டால் பின்னால் சொல்வதையும் நீ ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது.

ஸோ (so) என்னும் சின்னச் சொல்லைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. அது எல்லா வீட்டிலும் சாப்பிடும் என்பார். காரணத்துக்கும் வரும், முடிவுக்கும் வரும், பேச்சைத் தொடங்கவும் வரும். நிறுத்தற்குறியில்கூட அதற்குச் சலுகை: இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஸோ வந்தால் முன்னால் ஒரு கமா போதும். தேர்ஃபோருக்கு முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். நான் வெறும் கமா போட்டே பல ஆண்டுகள் ஓட்டியிருந்தேன்.

பள்ளியில் வடிவியல் கணக்குப் போடும்போது முக்கோணமாக மூன்று புள்ளி வைப்போமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 1659இல் ஜோஹான் ரான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தன் அல்ஜீப்ரா நூலில் அதை அச்சில் பயன்படுத்தினார். நாங்கள் அதை விடைத்தாளில் வரிக்கு வரி வைத்தோம். கணக்கு எப்படி வந்தது என்று தெரியாத இடத்தில் புள்ளிகள் சற்றுப் பெரிதாகவே இருக்கும்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, தமிழில் எழுதியிருந்தால் இந்தத் தவறைச் செய்திருப்பேனா என்று யோசித்தேன். செய்திருப்பேன். ஆனால் வேறு விதமாகச் செய்திருப்பேன். தமிழில் காரணம் தனிச் சொல்லாக வந்து நிற்பதைவிட வினைக்குள்ளேயே கலந்துவிடுவதுதான் அதிகம். ‘உறைபனி விழுந்ததால் கொழுந்து கருகிவிட்டது.’ காரணத்தை முதலில் சொல்லி, பின் முடிவுக்குப் போகிறோம். ஒரு எழுத்து விட்டுப்போனால் ‘விழுந்தால்’ ஆகிவிடும். நடந்தது, நடக்கக்கூடியதாக மாறிவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் எங்கள் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு வீட்டின் இரண்டு மாத வருமானம். ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் முடிந்து மூச்சு விட்ட பிறகு தேர்ஃபோர் தனியாக எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நிற்பதனால் அதைப் பிடித்துக் கேள்வி கேட்பதும் எளிது. நம் ‘ததால்’ வினையின் மடிக்குள் பதுங்கியிருக்கும். சிவப்புப் பென்சிலுக்கு எளிதில் அகப்படாது.

இன்னொன்றும் தோன்றியது. ‘அதனால்’ என்பது ‘அது’ என்ற பொருளைத் தொட்டு நிற்கிறது. ‘எனவே’ என்பதில் ‘என’ இருக்கிறது, அதாவது சொல்லுதல். மண் சரிந்தது, அதனால் பஸ் வரவில்லை. இது உலகத்தில் நடந்தது. குன்னூர் பஸ் நிலையத்தில் நிற்கிறேன், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பஸ்கூட வரவில்லை, எனவே பர்லியாறு பக்கம் மண் சரிந்திருக்க வேண்டும். இது என் மனத்தில் நடந்தது. இரண்டாவதில் ‘அதனால்’ போட்டுப் பாருங்கள், பஸ் வராத கோபத்தில் மலை சரிந்த மாதிரி ஆகிவிடும். பேச்சில் இந்த வேறுபாடு ஓரளவு கரைந்துவிட்டது என்றாலும் காது இன்னும் கண்டுபிடித்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ஸோ இந்த இரண்டு வேலையையும் ஒரே சம்பளத்துக்குச் செய்கிறது. என் கடிதத்தில் நடந்த குளறுபடியும் இதுதான். நான் யூகித்ததை நடந்தது போல எழுதியிருந்தேன்.

மறுநாள் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் மணிமேகலைக் காப்பியத்துக்குப் போய்விட்டார். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் 29ஆம் காதை. அதில் வரும் எடுத்துக்காட்டே ஒரு மலைதான். இம்மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல, இம்மலையிலும் புகை இருக்கிறது, புகை உடையது நெருப்பு உடையது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து படி. ஆங்கிலக்காரன் ஒரே தேர்ஃபோரில் தாண்டுகிற இடத்தை, நடுவில் சமையலறையைக் கொண்டுவந்து வைத்து நிதானமாகக் கடக்கிறார்கள். புகையும் நெருப்பும் சேர்ந்திருந்ததை நீ கண்ணால் பார்த்த இடம் எது என்று சொல்லு, பிறகு மலைக்குப் போ என்கிறது அந்த அடுக்களை. என் கடிதத்தில் இல்லாமல் போனது அதுதான்.

போலிக் காரணங்களின் பட்டியலும் அதே காதையில் உண்டு. ஆவியோ பனியோ என்ற சந்தேகம் தீராமல் இருக்கும்போதே, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு இருக்கிறதென்று துணிவது அதில் ஒன்று. மலையில் வாழ்கிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. மார்ச் மாதத்தில் எதிர்ச்சரிவில் வெண்மையாக ஏதாவது எழுந்தால் காட்டுத்தீயா மூடுபனியா என்று பார்த்துக்கொண்டே நிற்போம். மூக்குக்கு வாடை எட்டும் வரை யாரும் வாயைத் திறப்பதில்லை.

எங்களுக்கு வாடை கையிலேயே இருந்தது. அந்த லாட்டின் மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்துப் பெரியவர் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தார். உறிஞ்சினார், துப்பினார், ஒன்றும் சொல்லாமல், தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரைக் கூப்பிட்டார். விறகு ஹீட்டரில் எரியும் புகை குழாய்களுக்கு உள்ளே ஓடிப் புகைபோக்கிக்குப் போக வேண்டும். குழாய்க்கு வெளியே சுற்றிச் சூடாகும் காற்றுதான் டிரையருக்குள் போய் இலையைக் காயவைக்கும். இரண்டும் சந்திக்கவே கூடாது. டீமேக்கர் அண்ணன் அடுப்பில் பச்சை மிளாறுகளைப் போட்டுப் புகையைக் கிளப்பிவிட்டு, காற்று வரும் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு நிமிடம் நின்றிருப்பார். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததும் நான் என் கடிதத்தை மடித்துவிட்டேன். ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு குழாயின் வளைவில் தலைமுடி அளவுக்கு விரிசல் இருந்தது.

இரண்டாவது கடிதத்தை எழுத அரை நாள் ஆயிற்று. புகாருக்குள்ளான லாட்டின் மாதிரியை நாங்களும் ருசி பார்த்தோம், புகை வாடை இருக்கிறது. ஹீட்டரைச் சோதித்தோம், ஒரு குழாயில் விரிசல் இருக்கிறது. விரிசல் எந்த நாளில் விட்டது என்று எங்களால் சொல்ல முடியாது. அதே வாரத்தில் காய்ந்த மற்ற லாட்டுகளை ஏலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இவ்வளவுதான். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் ஒரு தேர்ஃபோர் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். எந்த நாள் என்று தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் எடுக்கிறோம் என்ற பொருளில் அது அங்கே நியாயமாகவே நிற்கும் என்று எனக்குப் பட்டது. பெரியவர் அந்த இடத்தில் பென்சிலை ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். வட்டம் போடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான்கு நாளில் பதில் வந்தது. வாங்கியவர் எங்கள் நேர்மையைப் பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ஸோ, கிலோவுக்கு எவ்வளவு குறைக்கிறீர்கள்?